ஐந்து கிராம் இளமை

எங்கள் கம்பெனியில் எண்பத்து நான்கு பேருக்கு ஒரே காலையில் வயது குறைக்கப்பட்டது. அந்த உத்தரவைத் தமிழில் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியவன் நான். ஆகையால் இந்தக் கதையில் யாரைத் திட்டினாலும் முதல் திட்டை நானே வாங்கிக்கொள்கிறேன்.

ஓசூர் சிப்காட்டில் நவரேகா பிரஸ்ஸிங்ஸ் என்பது வண்டிகளுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் கம்பெனி. அங்கே டைம் ஆபீஸ் கிளார்க் அண்ணாதுரை என்றால் நான்தான். பெங்களூரிலிருந்து காரில் வந்து போகும் அதிகாரிகள் ஆங்கிலத்தில் நினைப்பதைத் தமிழில் அடித்துக் கொடுப்பது என் வேலை. தமிழ் எழுத்து உள்ள கம்ப்யூட்டர் கம்பெனியிலேயே ஒன்றுதான். அதில் அடிக்கத் தெரிந்த ஆளும் ஒருவன்தான்.

2006 பொங்கல் முடிந்து வந்த வாரம், நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு மேலே தொங்கிய செயின் பிளாக்கின் சங்கிலி அறுந்தது. டை என்று நாங்கள் சொல்லும் இரும்பு அச்சைத் தூக்கி பிரஸ்ஸில் உட்கார வைப்பது அந்தச் சங்கிலிதான். ஒரு டை அறுபது கிலோ. சங்கிலி போனபின் இரண்டு ஆட்கள் சேர்ந்து கையால் தூக்கினார்கள். புதுச் சங்கிலி கேட்டு எழுதிய பேப்பர் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் போய் உட்கார்ந்துகொண்டது. உற்பத்தி குறைந்தது. ஏன் குறைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஆலோசனைக் குழு வந்தது. மூன்று நாள் ஏசி அறையில் இருந்து, பிரஸ் ஷாப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், அவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தூக்குகிறவர்களுக்கு வயதாகிவிட்டது.

மார்ச் மாதம் திட்டம் வந்தது. பெயர் ‘என்றும் இருபத்தைந்து’. நாற்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஷிஃப்ட் தொடங்குமுன் ஐந்து கிராம் கிரியேட்டின் பொடியைத் தண்ணீரில் கலக்கி, சூப்பர்வைசர் எதிரே குடித்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். சங்கிலிக்கான பேப்பர் மேசை மாறாத அதே பர்ச்சேஸில் பொடிக்கான பேப்பர் ஒரே நாளில் கையெழுத்தாகி வந்தது. ஜிம்முக்குப் போகும் பையன்கள் சாப்பிடுகிற பொடிதான். பொடியின் மேல் எனக்கு இன்றும் கோபம் கிடையாது. அது பாவம், டப்பாவில் சும்மா இருந்தது.

துவக்க விழாவில் எச்.ஆர். மேனேஜர் பிரதாப் பேசினார். முப்பத்திரண்டு வயது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக்.

“வயசுங்கறது ஒரு மைண்ட்செட். ஒரு மெஷின் தேஞ்சா நாங்க என்ன பண்றோம்? ஆயில் போடறோம். உங்களையும் மெஷினுக்கு சமமா நினைக்கறோம். இந்த மரியாதைய வேற எந்தக் கம்பெனி தரும்?”

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு நான் அடித்த உறுதிமொழியை எண்பத்து நான்கு பேரும் வலது கையை நீட்டிப் படித்தார்கள். ‘முதுமை என்பது ஒரு கெட்ட பழக்கம். அப்பழக்கத்தை இன்றுமுதல் விடுகிறேன். என் தசைகளை நிறுவனத்தின் தசைகளாகப் பேணிக் காப்பேன்.’ ‘பேணிக் காப்பேன்’ என்பது என் சொந்தச் சரக்கு. ஆங்கிலத்தில் அவ்வளவு அழகாக இல்லை.

கூட்டம் முடியும்போது ஒரு கை மட்டும் இறங்காமல் நின்றது. நாலாம் நம்பர் பிரஸ் ஆபரேட்டர் ஆஞ்சப்பன். நாகரசம்பட்டிக்காரர். நாற்பத்தேழு வயது, இருபத்தொரு வருட சர்வீஸ்.

“சார், ஒரு சந்தேகம். அந்தச் சங்கிலிய மாத்திட்டா இந்தப் பொடிக்கு வேலையே இல்லியே?”

பிரதாப் சிரித்தார். ஆஞ்சப்பன் பெயருக்கு நேரே ‘எதிர்மறை மனப்பான்மை’ என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

ஆஞ்சப்பண்ணன் எதிர்த்துப் பேசுகிற ஆள் அல்ல. சொன்னதைச் செய்கிறவர். ஒரு நாள் விடாமல் குடித்தார். இரண்டு மாதத்தில் உடம்பு கொஞ்சம் தெம்பாக இருப்பதாக அவரே சொன்னார். எடையும் இரண்டு கிலோ கூடியது. தசையில் தண்ணீர் சேர்ந்தால் அப்படிக் கூடுமாம். ஆனால் எடையைக் கவனிக்க எங்களிடம் வேறொரு கமிட்டி இருந்தது. பொடி கமிட்டி சொன்னதை எடை கமிட்டி கேட்காது. எடை கூடியதற்காக அவர் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனியை மூன்று சுற்று நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று சுற்று முடித்து வந்தால் கேன்டீனில் சாம்பார் தீர்ந்திருக்கும்.

“என்னவே இது?” என்று தூத்துக்குடிக்காரர் ஜெபதுரை கேட்டார். ஆஞ்சப்பனோடு சேர்ந்து டை தூக்குகிற ஆள் அவர். “காலைல ஊட்டி விடுதான், மத்தியானம் ஓட வைக்கான். நம்மள ஜல்லிக்கட்டுக்கா வளக்கானுவ?”

ஜூன் மாதம் கைப்பிடி வலிமைப் போட்டி நடந்தது. பிடியை அளக்கும் கருவியில் ஆஞ்சப்பன் முதல் இடம். ‘ஜூன் மாத இளைஞர்’ என்று அவர் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். போட்டோவில் அவர் நரைத்த மீசையோடு, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

ஜூலையில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. அதன் முடிவு வந்த அன்று அதே போர்டில், அந்தப் போட்டோவுக்குக் கீழேயே இன்னொரு தாளை ஒட்டச் சொன்னார்கள். ‘ரத்தத்தில் கிரியாட்டினின் 1.6. சிறுநீரகப் பாதிப்பு எனக் கருதப்படுகிறது. கனமான வேலைக்குத் தகுதியற்றவர்: திரு. ஆஞ்சப்பன்.’

அண்ணனைப் பிரஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். இலகுவான வேலை கேட்டார். கிடையாது. எல்லோரும் இளைஞர்களாகிவிட்டதால் இலகுவான வேலைகளை ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். ஆகவே டைம் ஆபீஸில் என் எதிரே ஒரு நாற்காலி போட்டு, காலை எட்டிலிருந்து நாலரை வரை சும்மா உட்காரச் சொன்னார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் உடம்பு சரியென்று சர்டிபிகேட் வராவிட்டால் ‘மருத்துவக் காரண ஓய்வு’. வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தக் கடிதத்தையும் நானே அடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன். அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்த நாற்காலிக்கும் தினமும் காலையில் பொடி வந்தது. திட்டம் சம்பளப் பட்டியலில் உள்ள, நாற்பது தாண்டிய எல்லோருக்குமானது.

அண்ணன் கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் லிபியா. முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, “வேற ஏதாவது சாப்பிடறீங்களா? பொடி, டானிக்கு?” என்று கேட்டார்.

“கம்பெனில ஒரு வெள்ளப் பொடி குடுக்கறாங்கம்மா. கிரியேட்டின்னு டப்பால போட்டிருக்கும்.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “அது உடம்புல உடைஞ்சு கிரியாட்டினினாதான் வெளிய வரும். பொடி சாப்பிட்டா ரத்தத்துல அந்த அளவு ஏறிக் காட்டும். கிட்னி நல்லா இருந்தாலும் காட்டும். உங்க கிட்னிக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. மூணு வாரம் பொடிய நிறுத்துங்க. திரும்ப டெஸ்ட் எடுப்போம். உங்க கம்பெனி டாக்டர் இதக் கேக்கவே இல்லியா?”

“அவுருதாங்கம்மா பொடி கமிட்டி தலைவரு” என்றார் அண்ணன்.

டாக்டர் லிபியா எழுதிக் கொடுத்த சீட்டோடு நாங்கள் பிரதாப் அறைக்குப் போனோம். கம்பெனி டாக்டரும் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணி நேரம் மட்டும் வருகிறவர். அன்று நடந்த பேச்சை ஒரு எழுத்து மாறாமல் சொல்கிறேன். அந்தக் கூட்டக் குறிப்பையும் நானே அடித்துக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

“பொடிய நிறுத்தணும்னா உடம்பு சரியில்லன்னு நான் சர்டிபிகேட் தரணும்” என்றார் கம்பெனி டாக்டர்.

“குடுங்க சார்” என்றார் ஆஞ்சப்பன்.

“குடுத்தா நீங்க நோயாளி. வேலைக்கு லாயக்கில்ல.”

“அப்ப நான் நல்லா இருக்கறன்னு குடுங்க.”

“நல்லா இருக்கறவர் எதுக்குப் பொடிய நிறுத்தணும்?”

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சார், பொடி குடிக்கறதாலதான் நம்பர் ஏறுதுன்னு அந்தம்மா எழுதியிருக்காங்களே.”

பிரதாப் சீட்டைத் தொடவே இல்லை. “அவங்க பாயின்ட் கரெக்டா இருக்கலாம். ஆனா பாருங்க, பொடி எச்.ஆர். பட்ஜெட். ரத்தம் மெடிக்கல் பட்ஜெட். ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டா ரெண்டு டிபார்ட்மென்டும் சேர்ந்து உக்காந்து பேச வேண்டி வரும். அதுக்கு இங்க சிஸ்டம் இல்ல. உங்க உடம்பு உங்களோடதுதான் மிஸ்டர் ஆஞ்சப்பன், நான் இல்லைன்னு சொல்லல. எட்டரை மணி நேரம் மட்டும் எங்களோடது.”

வெளியே வந்ததும் ஜெபதுரைதான் வழி சொன்னார். “ஓய், உமக்கு இருவத்தோரு நாள் லீவு கெடக்குல்லா? போட்டுட்டு ஊருக்குப் போரும். எவன் வந்து ஊத்துதான்னு பாப்பம்.”

அண்ணன் லீவு போட்டார். மறுநாளே பிரதாப் ஒரு சர்க்குலர் அடிக்கச் சொன்னார். லீவில் இருப்பவர்களும் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களே. இளமைக்கு விடுமுறை கிடையாது. ஆஞ்சப்பன் வீட்டுக்குத் தினமும் பொடி கொண்டுபோய்க் கண்ணெதிரே குடிக்கவைத்துக் கையெழுத்து வாங்கி வர ஒரு ஆளை நியமித்தார்கள். நியமிக்கப்பட்டவன் நான்.

ஓசூரில் பஸ் ஏறி, சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரியில் இறங்கி, டவுன் பஸ் மாறி நாகரசம்பட்டி. பையில் பொடிப் பொட்டலம், கக்கத்தில் ரிஜிஸ்டர். ஐந்து கிராம் பொடி பத்திரமாகப் போய்ச் சேர ஒரு ஆள் அரை நாள் பயணம். ஏழு மாதமாக ஒரு சங்கிலியை வாங்கி வர ஒரு ஆள் கிடைக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து இதையே நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தேன். ஆனாலும் போனேன்.

முதல் நாள் அண்ணனின் மனைவி சென்னம்மா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா தம்பி, இதுக்கா இம்மாந் தூரம் வந்தீங்க?”

“ஆமாங்கக்கா. கண்ணெதிர குடிக்கணுமாம்.”

“குடிச்சா நம்பர் ஏறும். ஏறுனா வேல போவும். வேல போனா சின்னவள காலேஜ்ல இருந்து நிறுத்தணும். இது உங்களுக்கும் தெரியும் இல்ல?”

“தெரியுங்க.”

“தெரிஞ்சும் வந்து நிக்கறீங்க.”

ஆஞ்சப்பன் தலையைக் குனிந்தபடி டம்ளரில் பொடியைக் கலக்கினார். இருபத்தொரு வருடம் சொன்னதைச் செய்து பழகிய கை. வாயருகே கொண்டுபோனார். சென்னம்மா அந்த டம்ளரைப் பிடுங்கி, வீட்டுப் பின்பக்கம் நடந்து, மாமரத்தின் வேரில் ஊற்றினார். திரும்பி வந்து காலி டம்ளரை என் கையில் கொடுத்தார்.

“இப்ப எழுதுங்க.”

ரிஜிஸ்டரைத் திறந்தேன். குடித்தவர் என்ற கட்டத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். பார்த்தவர் என்ற கட்டத்தில் நான் போட்டேன். பன்னிரண்டு வருட சர்வீஸில் நான் எழுதிய முதல் பொய் அது என்று அப்போது நினைத்தேன். அதற்கு முன் அடித்த சர்க்குலர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இருபத்தொரு நாளும் அப்படியே நடந்தது. நான் போவேன், மரத்துக்கு ஊற்றுவோம், சென்னம்மா களியும் கீரைக் குழம்பும் போடுவார், சாப்பிட்டுத் திரும்புவேன்.

இருபத்திரண்டாம் நாள் கம்பெனி மருத்துவ அறையிலேயே ரத்தம் எடுத்தார்கள். 1.0, சரியான அளவு. அண்ணன் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சிரித்தேன். ஜெபதுரை அவரைத் தூக்கிச் சுற்றினார். தப்பித்தோம் என்று நினைத்தோம்.

பிரதாப்பும் சிரித்தார். அவர் ஒரு கையில் அந்தத் தாளையும் மறு கையில் என் ரிஜிஸ்டரையும் வைத்திருந்தார். “இருபத்தொரு நாள் விடாம குடிச்சிருக்கார். கிட்னி சரியாயிடுச்சு! அண்ணாதுரை, இது என்னன்னு புரியுதா? நம்ம பொடி கிட்னியையும் குணப்படுத்துது!”

அவரைக் காப்பாற்ற நான் போட்ட பொய்யே அந்தத் திட்டத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

ஆயுத பூசை அன்று எம்.டி. வருகிறார், அவர் முன்னால் ஆஞ்சப்பனுக்குச் சர்டிபிகேட்டும் பொன்னாடையும், அதுவரை ஓய்வுக் கடிதம் நிறுத்திவைப்பு என்று முடிவானது. அதற்கு முதல் நாள் பிரதாப் எனக்கு இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, எல்லோருக்கும் பொடியை ஐந்து கிராமிலிருந்து பத்து கிராமாக உயர்த்தும் சர்க்குலர். இரண்டாவது, மருத்துவக் காரண ஓய்வுக் கடிதம், பெயரும் தேதியும் இல்லாமல் எண்பத்து நான்கு படி.

“எதுக்கு சார் எண்பத்து நாலு?”

“நவம்பர்ல மறுபடி டெஸ்ட் இருக்கே. ரெடியா இருக்கட்டும்.”

பத்து கிராம் குடித்தால் எத்தனை பேருக்கு நம்பர் ஏறும் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தெரிந்தே செய்தால் அயோக்கியத்தனம். தெரியாமல் செய்தால் அதைவிட மோசம். படிகளை எண்ணி அடுக்கும்போது, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பிரின்டரை எட்டி உதைத்தேன்.

ஆயுத பூசைக்குப் பிரஸ் ஷாப்பைக் கழுவி, மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். அறுந்து தொங்கிய செயின் பிளாக்குக்கும் ஒரு பொட்டு. பொரி கடலை, பூசணிக்காய் எல்லாம் ஆன பிறகு, கம்பெனி டாக்டர் எம்.டி. எதிரே ஆஞ்சப்பன் முழுத் தகுதியோடு இருப்பதாகச் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். பொன்னாடை போர்த்தினார்கள். எம்.டி. மனம் நெகிழ்ந்து, “உங்களுக்கு என்ன வேணும்? கேளுங்க” என்றார்.

அண்ணன் மேலே பார்த்தார். “அந்தச் சங்கிலிய மாத்திக் குடுங்க சார். போதும்.”

எம்.டி.யும் மேலே பார்த்தார். “இத ஏன் ரிப்பேர் பண்ணல?” என்று பிரதாப்பைக் கேட்டார்.

பிரதாப் கொஞ்சமும் தடுமாறவில்லை. “சார், சங்கிலிய மாத்திட்டா இவங்க எதையும் தூக்க மாட்டாங்க. தூக்கலைன்னா பொடி வேலை செய்யுதான்னு நமக்கு எப்படித் தெரியும்?”

எம்.டி. யோசித்தார். பிறகு, நல்ல பதில் கிடைத்தவரைப் போலத் தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. பயம்தான் அறுந்தது என்று நினைக்கிறேன். ஜெபதுரை பல்லைக் கடிக்கும் சத்தம் பக்கத்தில் கேட்டது. ஆஞ்சப்பன் பொன்னாடைக்குள் கூனிப்போய் நின்றார்.

“அண்ணாதுரை” என்று மைக்கில் கூப்பிட்டார் பிரதாப். “அந்த இருபத்தொரு நாள் ரெகார்டைத் தமிழ்ல படிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

மைக்கை வாங்கினேன். ரிஜிஸ்டரைத் திறந்தேன்.

“ஆகஸ்ட் ஏழு. ஐந்து கிராம். குடித்தவர், மாமரம்.”

பிரதாப் காது சரியில்லை என்று நினைத்தவர் போலத் திரும்பினார். நான் நிமிரவில்லை.

“ஆகஸ்ட் எட்டு. ஐந்து கிராம். குடித்தவர், மாமரம். ஆகஸ்ட் ஒன்பது. ஐந்து கிராம். குடித்தவர், மாமரம். பார்த்தவர், அண்ணாதுரை.”

அதற்குள் பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பத்தாம் தேதிக்கு நான் “குடித்தவர்” என்று நிறுத்தியபோது ஜெபதுரை “மாமரம்” என்றார். பதினொன்றாம் தேதிக்குப் பத்து பேர் சொன்னார்கள். பதினைந்துக்கு எண்பத்து நான்கு பேரும் சொன்னார்கள், தகடுகள் அதிரும்படி. பிரதாப் மைக்கின் வயரைப் பிடுங்கினார். மீதி நாட்களை மைக் இல்லாமல் படித்தேன். இருபத்தேழாம் தேதிவரை ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டு, “பொடிய நிறுத்தினாரு, நம்பர் இறங்குச்சு. குடிச்சப்பதான் ஏறுச்சு. நவம்பர்ல உங்க எல்லாருக்கும் ஏறும். அதுக்கு எண்பத்து நாலு கடுதாசி அடிச்சு வெச்சிருக்கு. அடிச்சவன் நான்” என்று சொல்லி உட்கார்ந்தேன்.

விஜயதசமி கழிந்து வேலை நாள். காலை எட்டு மணிக்கு யாரும் டம்ளரையும் தொடவில்லை, டையையும் தொடவில்லை. ஆஞ்சப்பன் நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆயுத பூசை அன்று கையெழுத்தான சர்டிபிகேட் அவர் பையில் இருந்தது. எம்.டி. எதிரே போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்க கம்பெனி டாக்டருக்குத் தைரியம் இல்லை. பிரஸ் நின்றது. பதினொரு மணிக்குப் பெங்களூருக்கு ஒரு ஜீப் போயிற்று. இரண்டரைக்குச் சங்கிலி வந்து இறங்கியது. ஒன்பது மாதம் வராத சங்கிலி மூன்றரை மணி நேரத்தில் வந்தது. நான் சந்தோஷப்படவில்லை. ஒன்பது மாதத்தில் முதுகு போன ஆட்கள் யார் யார் என்று எனக்குப் பெயரோடு தெரியும்.

மூன்று மணிக்குப் பிரதாப் என்னை அழைத்தார். எனக்குக் குற்றப் பத்திரிகை. ஒன்று, இருபத்தொரு பொய்ப் பதிவு. இரண்டு, நிறுவனத்தின் பொடியை நிறுவனத்தைச் சேராத மரத்துக்குக் கொடுத்தது. தமிழில்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. அடிக்க வேறு ஆள் இல்லை. அதனால் என் மேசையில் உட்கார்ந்து, எனக்கு எதிரான குற்றங்களை நானே, ஒற்றுப்பிழை இல்லாமல் அடித்தேன். ‘உடனடியாகப் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறீர்கள்’ என்று முடித்து, இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பிரதாப் அதை வாங்கி வைத்துக்கொண்டு தயங்கினார்.

“அண்ணாதுரை, நாளைக்கு ஒரு அரை மணி நேரம் வர முடியுமா? பத்து கிராம் ஆர்டரைக் கேன்சல் பண்ணி ஒரு சர்க்குலர் போடணும். தமிழ் அடிக்க ஆளில்ல.”

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“மாமரத்தக் கூப்பிடுங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.